களக்காடு முண்டந்துறைக்கு முதல்முறை போகிறவர்களுக்கு

புலிகள் காப்பகம் என்று பெயர் இருப்பதால், ஜீப்பில் ஏறினால் புலியைக் காட்டிக் கூட்டிவந்துவிடுவார்கள் என்ற எண்ணத்தோடுதான் பெரும்பாலும் வெளியூர்க்காரர்கள் அம்பாசமுத்திரத்தில் வந்து இறங்குகிறார்கள். களக்காடு முண்டந்துறை அந்த மாதிரிக் காடு இல்லை. செங்குத்தான மலை, இடுக்கான பள்ளத்தாக்கு, பத்தடி தள்ளி நிற்பதைக்கூட மறைத்துவிடும் மரக்கூட்டம். புலி இருக்கிறது. பல வருடம் இங்கே வேலை பார்க்கிற காவலர்களே கால்தடத்தையும் எச்சத்தையும் பார்த்துத்தான் அது போனதைச் சொல்வார்கள்.

அப்படியானால் எதைப் பார்க்கப் போவது? இந்தக் காப்பகம் பிறந்த கதையிலேயே அதற்குப் பதில் இருக்கிறது. முண்டந்துறைப் பகுதி 1962ல் புலிக்காகச் சரணாலயம் ஆனது. களக்காடு 1976ல் சிங்கவால் குரங்குக்காகச் சரணாலயம் ஆனது. 1988ல் இரண்டையும் சேர்த்துத்தான் தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகத்தை அமைத்தார்கள். உள்காடு மட்டும் சுமார் 895 சதுர கிலோமீட்டர். ஆக, இந்தக் காட்டில் ஒரு பகுதியைக் காப்பாற்றிக் கொடுத்தது ஒரு குரங்கு. முதல்முறை போகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: புலியை மறந்துவிட்டு அந்தக் குரங்கைத் தேடிப் போங்கள். பார்க்க வாய்ப்பு உண்டு, பார்த்தால் ஆயுசுக்கும் மறக்காது. அதைத் தேடுகிற சாக்கில் காட்டையும் ஒழுங்காகப் பார்த்துவிடுவீர்கள்.

எந்த வாசல் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

நிறையப் பேர் இதில்தான் குழம்புகிறார்கள். காப்பகத்துக்குள் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியே வருகிற மாதிரிப் பொதுப் பாதை எதுவும் கிடையாது. அடிவாரத்தில் தனித்தனி வாசல்கள்தான். ஒரு நாளைக்கு ஒரு வாசல் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வாசலை ஒரே நாளில் முடிக்கப் பார்த்தால் நாள் முழுக்க வண்டியில்தான் இருப்பீர்கள்.

பாபநாசம் வாசல் புதிதாக வருகிறவர்களுக்குச் சுலபம். திருநெல்வேலியிலிருந்து ஏறக்குறைய 50 கிலோமீட்டர். செங்கோட்டை ரயிலில் ஏறி அம்பாசமுத்திரத்தில் இறங்கி, விக்கிரமசிங்கபுரம் வழியாகப் பாபநாசத்துக்குப் பேருந்து பிடிக்கலாம். பாபநாசநாதர் கோயிலைத் தாண்டியதும் வனத்துறைச் செக்போஸ்ட். அதற்கு மேலே அகஸ்தியர் அருவி, முண்டந்துறை, சொரிமுத்து அய்யனார் கோயில், சேர்வலாறு, காரையாறு அணை. சாலை நன்றாக இருக்கும், பேருந்தும் உண்டு. காரையாறு அணைக்கு அந்தப் பக்கம் இருக்கிற பாணதீர்த்தம் அருவிக்குப் போக ஆசைப்பட்டால், அனுமதி இருக்கிறதா என்று செக்போஸ்ட்டிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். பழைய வீடியோக்களில் படகில் போவதைப் பார்த்துவிட்டு நேராக அணைக்கு வந்து நிற்காதீர்கள்.

மணிமுத்தாறு வாசல் மாஞ்சோலைக்கு. கல்லிடைக்குறிச்சியிலிருந்து மணிமுத்தாறு அணை, அருவி, அப்புறம் கொண்டை ஊசி வளைவுகளில் ஏறினால் மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி. ஆயிரம் மீட்டருக்கு மேலே இருக்கிற மழைக்காடு இது. சிங்கவால் குரங்குக்கு ஏற்ற வழி இதுதான். ஆனால் நினைத்தவுடன் ஏறிவிட முடியாது. அம்பாசமுத்திரத்தில் வனத்துறை அலுவலகத்தில் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். ஒரு நாளைக்கு இத்தனை வண்டிதான் என்று கணக்கு உண்டு.

களக்காடு வாசலில் தலையணை என்ற இடம் இருக்கிறது. பச்சையாற்றுத் தண்ணீரில் குளித்துவிட்டு வருவதற்கு உள்ளூர்க் குடும்பங்கள் போகிற இடம். அதற்கு மேலே செங்கல்தேரிக்குப் போகத் தனி அனுமதி தேவை. இன்னும் தெற்கே திருக்குறுங்குடி. 108 திவ்ய தேசங்களில் ஒன்று ஊருக்குள் இருக்கிறது. மலைமேல் நம்பி கோயில் காப்பகத்துக்குள் இருக்கிறது. சனிக்கிழமைகளில் பக்தர்கள் கூட்டமாக ஏறுவார்கள். விலங்கு பார்க்க வருகிறவர்கள் அன்றைக்கு அந்தப் பக்கம் போகாமல் இருப்பது நல்லது.

என்னைக் கேட்டால், முதல் நாள் பாபநாசம், அனுமதி கிடைத்தால் மறுநாள் மாஞ்சோலை. அம்பாசமுத்திரத்திலோ விக்கிரமசிங்கபுரத்திலோ தங்கிக்கொண்டால் இரண்டும் பக்கம்.

பொதிகை உச்சிக்கு ஏறலாமா என்று கேட்கிறவர்களும் உண்டு. 1,800 மீட்டருக்கு மேல் உயரமுள்ள அகத்தியர் மலைக்குக் கேரள வனத்துறைதான் ஆண்டின் தொடக்கத்தில் போனக்காடு வழியாக அனுமதி கொடுத்து ஆட்களை ஏற்றுகிறது. நம் பக்கத்திலிருந்து அந்த வழி பொதுமக்களுக்குக் கிடையாது. யாராவது "நான் கூட்டிட்டுப் போறேன், ஃபாரஸ்ட்காரங்க தெரிஞ்சவங்கதான்" என்றால் நம்பாதீர்கள். மாட்டினால் வனச்சட்ட வழக்கு உங்கள் மேல்தான்.

எப்போது போவது

ஜனவரி முதல் மார்ச் வரை நல்ல காலம். வடகிழக்குப் பருவமழை முடிந்து காடு பசுமையாக இருக்கும், பாதை காய்ந்திருக்கும், பார்வையும் தெளிவாக இருக்கும். ஏப்ரல், மே மாதங்களில் அடிவாரக் காடு காய்ந்து காட்டுத்தீ பயம் இருப்பதால் சில இடங்களை அடைத்துவிடுவார்கள். ஜூன், ஜூலையில் சாரல்.

அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை கவனம் தேவை. தமிழ்நாட்டிலேயே அதிக மழை பதிவாகிற இடங்களில் ஊத்தும் நாலுமுக்கும் அடிக்கடி இடம்பிடிக்கும். 2023 டிசம்பரில் தாமிரபரணி இரண்டு கரையையும் முழுங்கிக்கொண்டு போனபோது அந்தத் தண்ணீரில் ஒரு பங்கு இந்த மலையிலிருந்து இறங்கியதுதான். மழைக்காலத்தில் கிளம்புகிற அன்றைக்குக் காலையில் அணை நிலவரத்தைப் பாருங்கள். பாபநாசம் அணைக்கு (காரையாறு அணைதான்) முழு அளவு 143 அடி, சேர்வலாறு 156, மணிமுத்தாறு 118. திருநெல்வேலிக்காரர்கள் செய்தித்தாளில் இதைத்தான் முதலில் பார்ப்பார்கள். அணை நிரம்புகிற நிலையில் இருந்தால் அருவிகளில் குளிக்கத் தடை வந்துவிடும், மலைப்பாதையும் எப்போது வேண்டுமானாலும் மூடப்படும்.

ஆடி அமாவாசையை ஒட்டிய நாட்களில் சொரிமுத்து அய்யனார் கோயிலுக்கு லட்சக்கணக்கில் ஜனங்கள் வருவார்கள். குடில் போட்டு நாள்கணக்கில் தங்குகிறவர்களும் உண்டு. சாமி கும்பிட வருகிறவர்களுக்கு அது பெரிய திருவிழா. காட்டைப் பார்க்க வருகிறவர்களுக்கு அந்த வாரம் தோதுப்படாது. புலிக் கணக்கெடுப்பு நடக்கிற நாட்களிலும் காப்பகத்தை மூடுவது வழக்கம். ஆகவே வண்டி ஏறுவதற்கு முன்னால் வனத்துறை அலுவலகத்துக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுங்கள்.

பையில் என்ன இருக்க வேண்டும்

செக்போஸ்ட்டில் பையைத் திறந்து பார்ப்பார்கள். "அண்ணாச்சி, கேரி பேக் எதும் இருக்கா, பாட்டில் எதும் இருக்கா?" என்று கேட்டுவிட்டு, பதில் வருவதற்குள் கை உள்ளே போயிருக்கும். கோபப்படாதீர்கள். ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப்போடுகிற பிளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரி 1 முதல் மாநிலம் முழுக்கத் தடை. காட்டுக்குள் அதன் விளைவு இன்னும் மோசம். சாப்பாடு ஒட்டிய பையை மிளா மானும் யானையும் அப்படியே விழுங்கிவிடும். மதுப்பாட்டில், தீப்பெட்டி, சிகரெட் எல்லாவற்றையும் கீழேயே விட்டுவிடுங்கள்.

தண்ணீருக்கு எவர்சில்வர் பாட்டில். சாப்பாட்டுக்கு வாழையிலையில் கட்டிய புளியோதரையோ இட்லியோ போதும். அம்பாசமுத்திரத்தில் காலையிலேயே கட்டிக் கொடுப்பார்கள். மேலே கடைகளை நம்ப முடியாது. உடை பச்சை, பழுப்பு, சாம்பல் மாதிரி மங்கின நிறத்தில் இருக்கட்டும். முழுக்கால் பேன்ட், உயரமான காலுறை, வழுக்காத ஷூ. பைனாகுலர் இருந்தால் கட்டாயம் எடுத்துக்கொள்ளுங்கள். இந்தக் காட்டில் பார்க்க வேண்டியதில் பாதி தலைக்கு மேலே முப்பது மீட்டர் உயரத்தில் இருக்கிறது.

ஈரக்காட்டில் அட்டை ஏறும். பேன்ட்டின் கீழ்ப்பகுதியைக் காலுறைக்குள் செருகிவிட்டு, மேலே உப்பையோ புகையிலைத் தூளையோ தேய்த்துக்கொள்ளலாம். கடித்துவிட்டால் பிடித்து இழுக்காமல், நகத்தால் வாய்ப்பக்கம் மெதுவாக நெம்பினால் விட்டுவிடும். ரத்தம் கொஞ்ச நேரம் வடியும், பயப்பட ஒன்றும் இல்லை.

மலையில் பெரும்பாலான இடங்களில் செல்போன் சிக்னல் கிடைக்காது. எந்த வாசலில் ஏறுகிறோம், எத்தனை மணிக்கு இறங்குவோம் என்று கீழே ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.

ஐந்து குரங்கு

இந்தப் பகுதியை மட்டும் நிதானமாகப் படியுங்கள். ஐந்து வகைக் குரங்கினங்கள் ஒரே காப்பகத்தில் வாழ்கிற இடங்கள் நாட்டில் மிகக் குறைவு. இங்கே அடிவாரத்திலிருந்து மேலே ஏற ஏற ஒவ்வொன்றாக மாறிக்கொண்டே போகும். எதைப் பார்க்கிறோம் என்பதை வைத்தே எந்தக் காட்டில் நிற்கிறோம் என்று சொல்லிவிடலாம்.

பாபநாசம் கோயில் வாசலில் தேங்காயைப் பிடுங்குகிறதே, அது நாட்டுக்குரங்கு. முண்டந்துறைப் பக்கம் உலர்காட்டில் சாம்பல் உடம்பும் கறுத்த முகமும் நீண்ட வாலுமாக உட்கார்ந்திருப்பது சாம்பல் மந்தி. தேவாங்கு இரவில்தான் நடமாடும். அடிவாரத்துப் புதர்க்காட்டில் இருந்தாலும், இரவில் காட்டுக்குள் இருக்க அனுமதி இல்லாததால் நீங்கள் பார்க்க வாய்ப்பில்லை.

மிச்சம் இரண்டு. இரண்டும் கறுப்பு, அதனால்தான் எல்லோரும் குழம்புகிறார்கள். மேலே ஈரக்காட்டில் முதலில் கண்ணில் படுவது பெரும்பாலும் கருமந்தி. கறுத்த உடம்பு, தலைமுடி மட்டும் மஞ்சள் கலந்த பழுப்பு, உடம்பைவிட நீளமான வால் கிளைக்குக் கீழே நேராகத் தொங்கும். காலையில் ஆண் மந்தி எழுப்புகிற "ஹூ... ஹூ..." என்ற முழக்கம் பள்ளத்தாக்கின் அந்தக் கரை வரைக்கும் கேட்கும். இதற்குத் தளிர்தான் முக்கியமான சாப்பாடு. கருங்குரங்கு லேகியம் என்ற பேரில் ஒரு காலத்தில் இதை வேட்டையாடித் தீர்த்தார்கள். சட்டமும் காவலும் வந்தபிறகுதான் எண்ணிக்கை தேறியது.

சிங்கவால் குரங்கின் முகத்தைச் சுற்றி வெள்ளியும் சாம்பலுமாக ஒரு பிடரி இருக்கும். வால் கருமந்தியின் வாலைவிடக் குட்டை, நுனியில் சின்னக் குஞ்சம். சோலைமந்தி என்றும் சொல்வார்கள். உலகத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர வேறு எங்கும் இயற்கையாக இது கிடையாது. காடுகளில் இருப்பது மொத்தமே சில ஆயிரம். பெண் குரங்கு முதல் குட்டி போடவே ஐந்தாறு வயது ஆகிவிடும், ஒரு ஈற்றுக்கு ஒரு குட்டி. அதனால் ஒரு கூட்டம் அழிந்தால் திரும்பப் பெருகுவதற்கு வெகுகாலம் பிடிக்கும். பெரும்பாலும் தரைக்கு இறங்காமல் மரத்துக்கு மரம் தாண்டியே வாழ்கிற இனம். நடுவில் ஒரு கிலோமீட்டர் காட்டை வெட்டிவிட்டால் அந்தக் கூட்டத்துக்கு அந்தப் பக்கம் இல்லை என்று அர்த்தம்.

இதைக் கண்டுபிடிக்கக் காதுதான் முதலில் வேண்டும். காக்காச்சிப் பக்கத்து மழைக்காட்டில் வெடிப்பலா என்ற மரம் நிறைய. பூவும் காயும் கிளையிலேயே நேரடியாக ஒட்டிக்கொண்டு வரும். காய் முழுக்க முள், சின்னப் பலாக்காய் போல இருக்கும். சிங்கவால் குரங்குக்கு உயிர்நாடி இந்த மரம். வேறு பழம் இல்லாத மாதங்களில் பூவையும் காயையும் வைத்தே கூட்டம் பிழைத்துக்கொள்ளும். கிளையில் உட்கார்ந்து காயைத் திருகிப் பறித்து, முள்தோலைப் பல்லால் கிழித்து, விதையைத் தாடைப் பையில் ஒதுக்கிக்கொண்டு தோலைக் கீழே போடும். அந்தத் தோல் சருகின் மேல் விழுகிற "தப்... தப்..." சத்தம் கேட்டால் அங்கேயே நின்றுவிடுங்கள். மேலே அண்ணாந்து, அசைகிற கிளையை மட்டும் தேடுங்கள். பத்து நிமிடம் பேசாமல் நின்றால் ஒரு முகம் கீழே எட்டிப் பார்க்கும். கன்னம் உப்பியிருந்தால் சந்தேகமே வேண்டாம். கருமந்திக்குத் தாடைப் பை கிடையாது.

அப்படி நிற்கும்போது பட்டாணியோ பிஸ்கட்டோ எடுத்து நீட்டிவிடாதீர்கள். சாலையோரச் சாப்பாட்டுக்குப் பழகிய சிங்கவால் குரங்கு மரத்தை விட்டுத் தரைக்கு இறங்க ஆரம்பிக்கும். தரையில் வண்டி இருக்கிறது, நாய் இருக்கிறது, மனிதர்களிடமிருந்து தொற்றுகிற நோய் இருக்கிறது. கோயில் குரங்குக்குப் பழம் கொடுத்துப் பழகிய கை நமக்கு. இரக்கத்தில் செய்வதுதான் என்றாலும், காப்பகத்துக்குள் அது குற்றம், குரங்குக்கும் கேடு.

வேறு என்னவெல்லாம் தெரியும்? மலை அணில் கட்டாயம் தெரியும். இருவாச்சி பறந்தால் சிறகின் இரைச்சல் முன்னாடியே கேட்டுவிடும். அணைக்கரையில் மிளா, காட்டுமாடு, சில நேரம் செந்நாய்க் கூட்டம். வரையாடு உச்சிப் பாறைகளில் இருக்கிறது. பொதுமக்கள் போகிற பாதையிலிருந்து பார்ப்பது கஷ்டம். 2023 ஜூனில் அரிக்கொம்பனை மேல்கோதையாறு பக்கம் கொண்டுவந்து விட்டதிலிருந்து "அந்த யானையைப் பார்க்க முடியுமா" என்று கேட்கிறவர்களும் வருகிறார்கள். மனிதர்களை விட்டு விலகி இருக்கட்டும் என்றுதான் அதை அங்கே விட்டிருக்கிறார்கள். தேடிப் போகிற நினைப்பே வேண்டாம்.

உள்ளே போனபிறகு

வாசல் திறக்கிற நேரத்துக்கே போய்விடுங்கள். முதல் இரண்டு மணி நேரத்தில் பார்ப்பது மிச்ச நாள் முழுவதும் பார்ப்பதைவிட அதிகம். கண்ணாடியை இறக்கிவிட்டு மெதுவாக ஓட்டுங்கள், பாட்டு வேண்டாம், வளைவில் அவசியம் என்றால் மட்டும் ஹாரன். இறங்கக்கூடாது என்று சொன்ன இடத்தில் இறங்காதீர்கள். யானை சாலையில் நின்றால் தூரத்திலேயே வண்டியை நிறுத்திவிட்டுக் காத்திருங்கள், அதுவாகப் போகும். செல்ஃபிக்காக நாலடி முன்னால் போவது எவ்வளவு ஆபத்து என்று காவலர்களைக் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள். கடையம், விக்கிரமசிங்கபுரம் பக்கத்துத் தோட்டங்களுக்குக் கரடியும் சிறுத்தையும் இறங்கிவருவது உண்டு. விடியற்காலை இருட்டில் அடிவாரச் சாலையில் தனியாக நடக்க வேண்டாம்.

அருவியில் குளிக்கும்போது எண்ணெய், சோப்பு, ஷாம்பு வேண்டாம். மேலே இருக்கிற இந்தத் தண்ணீரைத்தான் திருநெல்வேலியும் தூத்துக்குடியும் குடிக்கின்றன, நெல்லும் வாழையும் இதில்தான் விளைகின்றன. பாபநாசத்தில் பரிகாரம் என்று ஆற்றில் துணியை விடுகிற பழக்கம் இருக்கிறது. தன்னார்வலர்கள் தண்ணீருக்குள் இறங்கி மூட்டை மூட்டையாக அள்ளியும் தீரவில்லை. நீங்கள் பரிகாரத்துக்கே வந்திருந்தாலும் துணியைக் கரையில் வைத்துவிடுங்கள், தண்ணீரில் விட வேண்டாம். பாறையில் பாசி இருக்கும். மேலே மழை பெய்தால் கீழே வெயிலாக இருக்கும்போதே தண்ணீர் திடீரென்று ஏறும். கலங்கலாக வர ஆரம்பித்தால் உடனே கரையேறிவிடுங்கள்.

பாம்பு கடித்தால் கீறுவது, உறிஞ்சுவது, இறுகக் கட்டுவது எதுவும் கூடாது. கையையோ காலையோ அசைக்காமல் நேராக அம்பாசமுத்திரம் அரசு மருத்துவமனைக்கோ பாளையங்கோட்டை மருத்துவக் கல்லூரிக்கோ கொண்டுபோக வேண்டும்.

காரையாறு, சேர்வலாறு பக்கத்தில் காணிக்காரர்கள் என்ற பழங்குடி மக்களின் குடியிருப்புகள் இருக்கின்றன. அவர்களுடைய வீட்டுக்கு முன்னால் போய்க் கேட்காமல் போட்டோ எடுக்காதீர்கள். நமக்கு அது சுற்றுலா, அவர்களுக்குக் குடியிருக்கிற இடம். அண்ணாச்சி, அக்கா என்று கூப்பிட்டுப் பேசினால் காட்டைப் பற்றி எந்தப் புத்தகத்திலும் இல்லாத விஷயங்கள் கிடைக்கும்.

மாஞ்சோலை ஏறுகிறவர்கள் இதையும் தெரிந்துகொண்டு போங்கள். சிங்கம்பட்டி ஜமீன் 1929ல் 99 வருடக் குத்தகைக்கு விட்ட 8,373 ஏக்கர் அது. தலைமுறை தலைமுறையாகத் தேயிலைக் கொழுந்து பறித்த தொழிலாளர்களுக்கு 2024ல் வேலை முடிந்துபோனது. 1999 ஜூலை 23 அன்று அவர்களுடைய கூலி உயர்வுக்காகத் திருநெல்வேலியில் ஊர்வலம் போனவர்களில் 17 பேர் தாமிரபரணியில் உயிரை விட்டார்கள். அவர்கள் குடியிருந்து காலியான லயன் வீடுகளைப் பின்னணியாக வைத்து ரீல்ஸ் எடுக்கிறவர்களைப் பார்த்தால் மனசு கஷ்டமாக இருக்கிறது.

இறங்கும்போது

மாலையில் செக்போஸ்ட் மூடுகிற நேரத்தை ஏறும்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அரை மணி நேரம் முன்னாலேயே கீழே இருக்கிற மாதிரிப் புறப்பட வேண்டும். பேருந்தில் போகிறவர்கள் காரையாற்றிலிருந்து கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்று நடத்துனரிடம் இரண்டுமுறை கேட்டுக்கொள்ளுங்கள். தவறினால் உள்ளே தங்க வழியில்லை. கொண்டுபோன குப்பையை அப்படியே கீழே கொண்டுவந்து ஊருக்குள் போடுங்கள்.

மாஞ்சோலைக்கு அனுமதி கிடைக்காமல் ஒரு நாள் வீணாகிறதே என்று நினைத்தால், திருப்புடைமருதூர் இருக்கிறது. தாமிரபரணிக் கரையில் கோயிலைச் சுற்றியுள்ள மருத மரங்களில் பறவைகள் கூடு கட்டுகிற ஊர். 2005ல் தமிழ்நாட்டின் முதல் பறவைகள் பாதுகாப்பகமாக அறிவிக்கப்பட்டது. அம்பாசமுத்திரத்திலிருந்து பக்கம்தான், வனத்துறை அனுமதி எதுவும் வேண்டாம். ஜனவரியிலிருந்து போனால் கூடுகளில் குஞ்சுகளைப் பார்க்கலாம். ஊர்க்காரர்கள் எந்த மரத்தில் எந்தப் பறவை என்று கையைக் காட்டிச் சொல்வார்கள்.